ஆண்டுக் குறிப்பில் இல்லாத பெண்

ஒரு நாட்டின் ஓர் ஆண்டை ஒரே பக்கத்தில் சுருக்கச் சொன்னால் எல்லோரும் ஒரே முறையைத்தான் கையாள்கிறார்கள். மேலே முக்கிய நிகழ்வுகள். நடுவில் கலை, விளையாட்டு. கடைசியில் மறைந்தவர்கள். இயர்புக் புரட்டிப் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு மனப்பாடம். இந்தத் தலைப்புகளுக்குள் ஓர் ஆண்டே அடங்கிவிடும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

அயர்லாந்தின் 1984-ஐ அப்படிச் சுருக்கினால் இப்படி வரும். ஜனவரி தொடக்கத்தில் ஷான் மெக்என்டீ 94 வயதில் காலமானார். 1919-இல் கூடிய முதல் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் அவர். ஜனவரி 30 அன்று 'டப்ளினர்ஸ்' குழுவின் பாடகர் லூக் கெல்லி 43 வயதில் இறந்தார். ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகன் வந்தார், தன் முன்னோர் ஊரான பாலிபோரீனுக்குப் போனார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஜான் ட்ரேசி வெள்ளி வென்றார். செப்டம்பர் 7 அன்று எழுத்தாளர் லியம் ஓஃப்ளாஹர்ட்டி 88 வயதில் காலமானார்.

இவர்களில் யாரும் பட்டியலில் இருக்கத் தகுதியில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். லூக் கெல்லியின் குரலை நான் வேலை செய்யும் இடத்தில் வாரம் ஒருமுறையாவது யாராவது போடச் சொல்வார்கள். என் கேள்வி வேறு. ஜனவரி 30-க்கு அடுத்த நாள் 31. அந்த நாளுக்கு எதிரே ஏன் ஒன்றுமே இல்லை?

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. செவிலியர் படிப்பு முடித்து, ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2007-இல் அயர்லாந்துக்கு வந்தேன். இப்போது நாட்டின் நடுப்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மறதி நோய் உள்ளவர்களுக்காக வாரம் ஒருநாள் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் ஒரு மணி நேரம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஓர் ஆண்டு. பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது ஞாபகம் இருக்கா?" என்று கேட்போம். 2024 ஜனவரியில் ஒரு வாரம் 1984-இன் முறை வந்தது. பக்கத்தில் மேலே சொன்ன அதே வரிகள்.

எல்லாம் படித்து முடித்ததும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த 86 வயதுப் பெண்மணி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது. "கிரனார்ட் பொண்ணு எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எதிரில் இருந்த இரண்டு மூதாட்டிகளுக்குப் புரிந்தது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னொருவர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில் இல்லாதவர், "பாவம், அந்த மழையில" என்றார். அறையில் இருந்த ஆண்கள் லூக் கெல்லியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிரனார்ட் என்பது லாங்ஃபோர்டு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மாதா கெபி ஒன்று உண்டு. 'கெபி' என்ற சொல் நம் கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரியும். பாறை போலக் கட்டிய குகை, உள்ளே வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையுமாக லூர்து மாதா, முன்னால் மெழுகுவர்த்தி. 1984 ஜனவரி 31 அன்று பிற்பகல், 15 வயதான ஆன் லவெட் என்ற பள்ளி மாணவி தனியாக அந்தக் கெபிக்குப் போனாள். குளிர், மழை. கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. தொப்புள்கொடியை வெட்ட வேண்டும் என்பது வரை அவள் யோசித்திருக்கிறாள். அங்கேயே ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். பள்ளி முடிந்து வந்த பையன்கள் தரையில் பள்ளிப்பை கிடப்பதைப் பார்த்து உள்ளே போனபோது குழந்தை இறந்திருந்தது. ஆனுக்கு உயிர் இருந்தது. மலிங்கர் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்றே அவளும் இறந்தாள். தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் புதைத்தார்கள்.

அந்த ஏப்ரலில், மூன்று மாதம் முடியும் முன்பே, அவளுடைய 14 வயதுத் தங்கையும் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் போகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தபின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த ஓட்டம் நிற்கும். சுருங்காவிட்டால் அடிவயிற்றில் கை வைத்துப் பிசைந்து சுருங்கவைப்போம். ஓர் ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம். ட்ரிப் ஏற்றுவோம். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால் கம்பளி போர்த்துவோம். இதில் எதுவும் 1984-இல் அயர்லாந்தில் இல்லாத பொருள் அல்ல. அவளுக்கு இல்லாமல் போனது இன்னொரு பெண்ணின் கை. இரத்தப்போக்கும் குளிரும் அவளைக் கொன்றன என்பது மருத்துவக் காரணம். அந்தக் கை ஏன் பக்கத்தில் இல்லை என்பதற்கான காரணம் மருத்துவத்தில் இல்லை.

"ஏன் அவ யாருகிட்டயும் சொல்லல?" என்று அப்போது எல்லோரும் கேட்டார்களாம். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கேள்வியைத் திருப்பிப் பார்ப்போம். யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

அவள் இறப்பதற்குச் சரியாக ஐந்து மாதம் கூட ஆகாத முன்பு, 1983 செப்டம்பர் 7 அன்று, கருவில் உள்ள உயிருக்கும் தாய்க்கும் சமமான வாழ்வுரிமை என்ற எட்டாவது திருத்தத்தை 66.9 சதவீத வாக்கில் நாடு அரசியல் சட்டத்தில் சேர்த்திருந்தது. அதற்காக ஊர் ஊராகப் பிரச்சாரம் நடந்தது. கருத்தடை சாதனம் வாங்க 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும், அதுவும் உண்மையான குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். விவாகரத்து கிடையாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் முறையற்ற குழந்தை. அந்த நிலை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நீங்கியது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் கன்னியர் நடத்திய இல்லங்களில் கொண்டுபோய் மறைத்துவைப்பது பல தலைமுறைப் பழக்கம். பெண்களைக் கூலியில்லாமல் துணி வெளுக்கவைத்த மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது மூடப்பட்டதே 1996-இல். 15 வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டங்களின் பெயர் தெரிந்திருக்காது. தண்டனை எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

இருந்தாலும் அவள் போன இடத்தைப் பாருங்கள். ஊரில் தாய் என்று எல்லோரும் கும்பிட்ட ஒருத்தியிடம் போயிருக்கிறாள். நான் ஜெபமாலை சொல்லி வளர்ந்தவள். இந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் என்னால் எளிதாகத் தாண்ட முடியவில்லை. மறைவான இடம் என்பதால் போனாளா, மாதா என்பதால் போனாளா? யாரும் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'சன்டே ட்ரிப்யூன்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. அதன்பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது. ஆர்டிஇ வானொலியில் கே பர்ன் என்பவர் காலையில் நடத்திய நிகழ்ச்சியை நாடே கேட்கும். அந்த நிகழ்ச்சிக்குப் பெண்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அடுப்படியில், குளியலறையில், வைக்கோல் கொட்டகையில் தனியாகப் பெற்றவர்கள். பெற்றதை முப்பது நாற்பது ஆண்டு கணவனிடமும் சொல்லாதவர்கள். வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானவர்கள். பிப்ரவரி 23 அன்று நிகழ்ச்சியின் பெரும்பகுதியில் வேறு எதுவும் இல்லை. கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள்.

ஜன்னலோரத்துப் பெண்மணி அதைக் கேட்டவர். தபால் துறையில் வேலை பார்த்து, கல்யாணமானதும் வேலையை விட்டவர்; கல்யாணமான பெண்கள் அரசு வேலையில் தொடரக்கூடாது என்ற விதி 1973 வரை இருந்தது. 1984-இல் அவருக்கு 46 வயது. "எங்க தெருவுல அதப்பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல," என்றார். "ஆனா அன்னிக்குக் காலைல வெளிய வந்து நின்னா, எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே சத்தம். எந்த வீட்டுலயும் அணைக்கல." அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாளின் வெற்றுப் பக்கத்தில் பேனாவால் 'ஆன்' என்று மட்டும் எழுதி மடித்து வைத்துக்கொண்டார்.

அன்று இரவு நான் 1984-ஐத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜனவரியோடு அது நிற்கவில்லை.

ஏப்ரல் 14 அன்று கெர்ரி மாவட்டத்தில் கஹர்சிவீன் அருகே கடற்கரையில் கத்திக்குத்துக் காயங்களோடு ஒரு பச்சிளம் சிசுவின் உடல் கிடைத்தது. சில நாட்களுக்கு முன்புவரை கர்ப்பமாக இருந்து இப்போது கையில் குழந்தை இல்லாத பெண் யார் என்று போலீஸ் தேடியது. பல மைல் தொலைவில் ஒரு பண்ணைவீட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். கல்யாணமாகாதவர், திருமணமான ஒருவரோடு உறவில் இருந்தவர். அவர் பெயர் எல்லாச் செய்தியிலும் வந்தது. நான் எழுதப்போவதில்லை. அவர் கேட்காத புகழ் அது.

விசாரணையில் அவரும் குடும்பத்தாரும் கொலையை 'ஒப்புக்கொண்டார்கள்'. ஆனால் தன் குழந்தை பிறந்த உடனேயே இறந்துவிட்டது, பண்ணையிலேயே இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். சொன்ன இடத்திலேயே உடல் கிடைத்தது. கடற்கரைக் குழந்தையின் இரத்த வகையும் பொருந்தவில்லை. இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு ஆண்களோடு உறவுகொண்டு, இரண்டு தகப்பன்களுக்கு இரட்டைக் குழந்தை பெற்றிருப்பாள் என்று ஒரு கதையைக் கட்டினார்கள். அக்டோபரில் வழக்கு கைவிடப்பட்டது. போலீஸின் நடத்தையை விசாரிக்க 1985 ஜனவரியில் ட்ரலீ நகரில் ஒரு விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அங்கே விசாரிக்கப்பட்டது என்னவோ அந்தப் பெண்தான். ஆண் வக்கீல்கள் நாள்கணக்கில் அவருடைய உடலையும் உறவையும் பற்றிக் கேள்வி கேட்டார்கள். ஊர்ப் பெண்கள் வெளியே கூடி நின்றார்கள். நாட்டின் பல இடங்களிலிருந்தும் பெண்கள் அவருக்கு மஞ்சள் பூக்கள் அனுப்பினார்கள். நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். 2018-இல்தான், மரபணுச் சோதனைக்குப் பிறகு, போலீஸ் மன்னிப்புக் கேட்டது. 2020-இல் அரசு மன்னிப்புக் கேட்டது, அவர்மேல் சொன்ன குற்றங்களுக்கெல்லாம் அடிப்படையே இல்லை என்று உயர் நீதிமன்றம் அறிவித்தது. 36 ஆண்டுகள்.

அதே 1984-இல் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லாவிட்டால் பெண்கள் என்றாலே சாவும் கண்ணீரும் என்ற இன்னொரு தவறான பட்டியலாகிவிடும். ஜூலை 19 அன்று டப்ளின் ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையில் பில் போடும் மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிரேப்ஃப்ரூட் பழத்துக்குப் பில் போட மாட்டேன் என்றார். நிறவெறி அரசின் பொருளைக் கையாள வேண்டாம் என்பது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. அவரை இடைநீக்கம் செய்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்களான சக ஊழியர்கள் அவரோடு வெளியேறினார்கள். சில நாளில் முடியும் என்று நினைத்த வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுக்கும் மேல் நீண்டது. 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பொருள்களுக்குத் தடை விதித்தது. சிறையிலிருந்து வந்த மண்டேலா 1990-இல் டப்ளின் வந்தபோது இவர்களைச் சந்தித்தார். எங்கள் இல்லத்துத் தாளில் ரேகனின் இரண்டு மூன்று நாள் பயணம் இருந்தது. இவர்கள் இல்லை.

பட்டியலில் விடுபடுவதால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். பதிவு இல்லாத சாவு ஒரு தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவே நின்றுவிடுகிறது; அடுத்தது நடக்கும்போது அதுவும் தனி என்று தோன்றுகிறது. 2012 அக்டோபரில் நான் இங்கேதான் இருந்தேன். கர்நாடகத்துக்காரரான பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம். கோல்வே நகர மருத்துவமனையில் கரு நிலைக்காது என்று தெரிந்த பிறகும், கருவின் இதயத் துடிப்பு இருந்ததால் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி அக்டோபர் 28 அன்று இறந்தார். சிகிச்சையில் நேர்ந்த குறைகளும் பின்னால் விசாரணைகளில் வெளிவந்தன. என்னோடு வேலை பார்த்த இந்தியச் செவிலியர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "நமக்கும் இதுதானா?" என்று கேட்டுக்கொண்டோம். ஐரிஷ் தோழி ஒருத்தி அப்போது சொன்னாள், "எங்கம்மா நேத்து ராத்திரி முழுக்க கிரனார்ட், கிரனார்ட்னு அழுதாங்க." அந்தப் பெயரை நான் அன்று கவனிக்காமலே கடந்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களின் மனதில் 1984-உம் 2012-உம் ஒரே கணக்கில் இருந்திருக்கின்றன.

2018 மே 25 அன்று எட்டாவது திருத்தத்தை நீக்குவதற்கான வாக்கெடுப்பு நடந்தபோது எனக்கு இங்கே குடியுரிமை கிடைத்திருந்தது. வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் அம்மா போனில், "கோயிலுக்குப் போற பிள்ளை நீ, யோசிச்சு செய்" என்றாள். யோசித்துதான் செய்தேன். நீக்க வேண்டும் என்று வாக்களித்தேன். 66.4 சதவீதம் பேர் அப்படியே வாக்களித்திருந்தார்கள். 1983-இல் சேர்க்கச் சொன்னவர்கள் ஏறக்குறைய எத்தனை பங்கோ, அத்தனை பங்கு. அம்மா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள், எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, தன் தோழி ஒருத்தியைப் பற்றி அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். ஊரில் எல்லோரும் 'வயிற்றுவலியில் செத்தாள்' என்று சொன்ன ஒரு பெண்.

'வயிற்றுவலி' என்ற சொல்லை நான் வேலையிலும் பார்த்திருக்கிறேன். வரும் முன் ஊரில் நான் வேலை செய்த மருத்துவமனையில், அரளி விதை தின்றுவிட்டு இரவில் கொண்டுவரப்படும் கல்யாணமாகாத பெண்களுக்குக் காரணமாக வீட்டார் சொல்வதும் அதுதான். பேரேட்டில் ஏறுவதும் அதுதான். மறுநாள் பேப்பரில் ஒரு பத்தியில் வருவதும் அதுதான். தீராத வயிற்றுவலி. எத்தனை பெண்களை அந்த ஒரு சொல்லுக்குக் கீழே புதைத்திருக்கிறோம் என்று எந்த இயர்புக்கிலும் இல்லை.

ஆனால் பட்டியலை மாற்ற முடியும் என்பதையும் அயர்லாந்தில்தான் பார்த்தேன். கோல்வே மாவட்டத்தில் டூம் என்ற ஊரில் கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லம் 1925 முதல் 1961 வரை இருந்தது. கேத்தரின் கோர்லஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத இல்லத்தரசி, அங்கே இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். 796 பெயர்கள் சேர்ந்தன. இத்தனை குழந்தைகளையும் எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. 2014-இல் அது உலகச் செய்தியானது. 2017-இல் அந்த இடத்தின் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை அரசு ஆணையம் உறுதிசெய்தது. 2021-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அவர் கையில் இருந்தது ஒரு பட்டியல் மட்டுமே. பெயர், தேதி, வயது.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா பள்ளிக்குப் போன ஓர் ஆண்டாக இருக்கட்டும். அந்த ஆண்டின் குறிப்பை நூலகத்தில் படியுங்கள். பிறகு வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்த பெண்களிடம், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, அந்த ஆண்டில் நம் ஊரில் எந்தப் பெண் இறந்தாள், எந்தப் பெண் ஊரைவிட்டுப் போனாள், எந்தப் பெண் முடியாது என்று சொன்னாள் என்று கேளுங்கள். முதல் முறை பதில் வராது. இரண்டாம் முறை போங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர் வலி தரும் என்றால் பெயரை விட்டுவிடுங்கள், நடந்ததை விடாதீர்கள். தேதி தெரியாவிட்டால் அது மழைக்காலமா, அறுவடைக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அவர்களுக்கு அது நினைவிருக்கும்.